மக்கள் சுவரோவியம்: கூட்டுழைப்பும் நினைவுரிமையும் – கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சுவரில் ஓவியம் தீட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. ஆயின், ஒரு வட்டாரத்து மக்கள் தாமே கூடி, தம்மால் இயன்ற சிறு தொகையைத் திரட்டி, ஊதியம் கருதாது உழைத்து, பொதுச்சுவர் ஒன்றில் தம் கதையைத் தாமே தீட்டிக்கொள்ளும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் ஒரு தனிக் கலைவடிவமாக உருப்பெற்றது. இதனை மக்கள் சுவரோவியம் என்று இக்கட்டுரையில் குறிக்கின்றோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வகை முயற்சிக்கான கூறுகள் நமக்கு நன்கு அறிமுகமானவையே. தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கோத்தோங் ரோயோங் நாளில் ஒன்றுகூடி மதிலுக்குச் சாயம் பூசுவதையும், வள்ளுவரையும் பாரதியையும் வரைந்து வைப்பதையும் நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். ஆனால், அவ்வாறு வரையப்படுவனவற்றை அழகுபடுத்தும் வேலையாக மட்டுமே நாம் எண்ணி வந்துள்ளோம். அவற்றை வரலாற்று ஆவணமாகவோ கூட்டு நினைவின் வடிவமாகவோ நோக்கியதில்லை.

ஒரு சுவரோவியத்தைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்பலாம். அதற்குப் பொருள் தந்தவர் யார்? அதனை வரைந்த கை யாருடையது? அதில் எது இடம்பெற வேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? முதலிரு வினாக்களுக்கும் ‘மக்கள்’ என்று விடை வந்து, மூன்றாவதற்கு வேறு விடை வருமாயின், அது மக்கள் சுவரோவியம் ஆகாது. கூலியில்லாச் சாயப்பூச்சாகவே அமையும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இக்கருத்தினைத் தமிழர்தம் மரபு, அயல்நாட்டு முன்மாதிரிகள், மலேசியச் சூழல் ஆகியவற்றைக் கொண்டு நிறுவ முற்படுகின்றோம்.

கோயிற்சுவரும் ஓவியர் பெயரும்

தமிழகத்துச் சுவரோவிய வரலாற்றில் முதற்கண் நினைவுக்கு வருவது புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் ஆகும். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த சமண ஆசிரியராகிய இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்த செய்தியைத் தருகின்றது. புதுப்பித்தவர் பெயர் கல்லில் நின்றது. தாமரைக் குளத்தையும் அதில் மலர் கொய்வாரையும் தீட்டிய கைகளுக்குரியோர் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் நிலை இன்னொரு பாடத்தைத் தருகின்றது. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள், கருவறையைச் சுற்றிய இருள்வழியில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். ஓர் ஆட்சி தீட்டியதன் மேல் மற்றோர் ஆட்சி தன் ஓவியத்தைத் தீட்டியிருந்தது. சுவரின்மேல் அதிகாரம் உடையவர் மாறும்போது சுவரிலுள்ள கதையும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபம் இவற்றினின்று சற்று வேறுபடுகின்றது. அம்மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை நீண்ட பட்டைகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்க வரி எழுதப்பட்டுள்ளது. அதனை வரைந்த சிங்காதனம் என்னும் ஓவியர் தம் பெயரையும் அங்கே பதிவுசெய்துள்ளார். படத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கும் ஒருசேரப் பொருள்படும் இவ்வமைப்பு இன்றைய பொதுச்சுவருக்கும் ஏற்றதாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இம்மூன்று சான்றுகளிலும் பொருள் தந்தது அரசோ, கோயிலோ, சமயத் தலைமையோ ஆகும். கை கைவினைஞருடையது. கதையைத் தீர்மானித்தது தொன்மமும் புரவலரும். வட்டாரத்து மக்கள் பார்வையாளராகவும் வழிபடுவோராகவும் மட்டுமே நின்றனர்.

மலாயாத் தமிழரின் சிறுகொடை மரபு

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழரிடையே இந்நிலை ஒருவாறு மாறியது. தோட்டப்புறக் கோயில்கள் பலவும் தொழிலாளர்தம் சம்பளத்திலிருந்து தந்த சிறுதொகையாலும் ஓய்வுநாள் உழைப்பாலும் எழுந்தவை. அவற்றின் சுதைச் சிற்பங்களையும் ஓவியங்களையும் தமிழகத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் செய்தபோதிலும், மண் சுமந்ததும் நீர் இறைத்ததும் உணவு சமைத்ததும் அவ்வூர் மக்களே.

சிறுகொடையைக் கொண்டு பெரும்பணி முடிக்கும் வழக்கம் கோயிலோடு நின்றுவிடவில்லை. 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி தருமாறு வேண்டினார். சிங்கப்பூரில் அமைந்திருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நிலைபெற அம்முயற்சி துணைநின்றது. இவ்விதழின் வாசகர்களாகிய நாம் அனைவரும் ஒருவகையில் அந்த ஒரு வெள்ளியின் பயனை நுகர்ந்தவர்களே ஆவோம். 1960இல் தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்ற வேளையில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத்தொகையைக் கொண்டே அது தோட்டங்களை வாங்கியது. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்விரு நிகழ்வுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சிறுதொகை தந்தவர் தம்மை இரப்போர்க்கு ஈந்தவராக எண்ணவில்லை. அப்பணியின் உரிமையாளராகவே எண்ணினர். கூட்டுறவுச் சங்கத்தில் அவ்வுரிமை சட்டப்படியும் அமைந்திருந்தது. தொகையின் அளவைவிட அத்தொகை தந்த உரிமையே மலாயாத் தமிழரின் சிறுகொடை மரபுக்கு உயிர்நாடி எனலாம். மக்கள் சுவரோவியத்துக்கும் இவ்வுரிமையே அடிப்படையாகும்.

சிக்காகோவும் லாஸ் ஏஞ்சலசும்

மக்கள் சுவரோவிய இயக்கத்தின் தொடக்கமாக ஆய்வாளர் பெரும்பாலோர் சுட்டுவது, 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உருவான ‘மதிப்பின் சுவர்’ ஆகும். நகரின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரமொன்றின் தெருமுனையில் நின்ற பழைய கட்டடத்தின் பக்கச் சுவரை, கறுப்பின ஓவியர்களும் நிழற்படக் கலைஞர்களும் அடங்கிய குழு ஒன்று ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்கு வண்ணமயமாக்கியது. அரசு மானியமோ நிறுவன நன்கொடையோ இல்லை. செலவைக் கலைஞர்களே ஏற்றனர். சில்வியா அபர்நாதி சுவரைப் பகுதிகளாகப் பிரித்துத் திட்டம் வகுத்தார். ஒவ்வொரு பகுதியையும் ஓர் ஓவியர் ஏற்றுக்கொண்டார். முகம்மது அலி, மால்கம் எக்ஸ், டூ போய்ஸ், நினா சிமோன் முதலிய ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உருவங்கள் அதில் இடம்பெற்றன. மார்ட்டின் லூதர் கிங் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. யார் வேண்டும், யார் வேண்டா என்னும் கருத்துமாறுபாடே அச்சுவரின் உயிராக இருந்தது.

அதே கருத்துமாறுபாடு அக்குழுவைப் பிளக்கவும் செய்தது. தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே, நார்மன் பாரிஷ் என்பவர் வரைந்த அரசியல் தலைவர்கள் பகுதி வெள்ளையடிக்கப்பட்டு, யூஜின் வேட் என்னும் வேறோர் ஓவியரால் மீண்டும் வரையப்பட்டது. முதலில் வரைந்தவரின் இசைவைப் பெறாமல் நிகழ்ந்த இம்மாற்றம் குழுவினரிடையே ஆறாத மனவருத்தத்தை விளைத்தது. தஞ்சையில் ஓர் ஆட்சியின் மேல் மற்றோர் ஆட்சி தீட்டியது போன்றதொரு செயல், மக்கள் சுவரிலும் நிகழக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது. ‘மக்கள்’ என்பது ஒற்றைக் குரல் அன்று. அதற்குள்ளும் தீர்மானிக்கும் முறை ஒன்று முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும். 1971ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. சுவர் அழிந்தபோதிலும், அதனைப் பின்பற்றி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நூற்றுக்கணக்கான மக்கள் சுவரோவியங்கள் தோன்றின.

அவற்றுள் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ‘பெருஞ்சுவர்’. 1976ஆம் ஆண்டு ஜூடித் பாக்கா என்னும் ஓவியர், வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் காங்கிரீட்டுச் சுவரில், கலிபோர்னியாவின் வரலாற்றைப் பழங்குடியினர், குடியேறியோர், சிறுபான்மையினர் ஆகியோர் பார்வையில் வரையத் தொடங்கினார். பல கோடைக்காலங்களில் நானூறுக்கும் மேற்பட்ட இளையோர் அதில் பங்கேற்றனர். ஓவியம் ஏறத்தாழ 840 மீட்டர் நீண்டது. வரலாற்றறிஞரையும் முதியோரையும் வினவிச் செய்தி திரட்டியபின்னரே வரைபடம் எழுதப்பட்டது. குறிப்பாக, அங்குப் பணியாற்றிய இளையோர் கூலியின்றி உழைக்கவில்லை. வேலைவாய்ப்புத் திட்டங்களின்வழி அவர்களுக்குச் சிறு ஊதியம் கிட்டியது. தன்னார்வம் என்பது இல்லாதவரிடமிருந்து இலவச உழைப்பைப் பெறும் வழியாகிவிடக் கூடாது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

மதுபனியும் இலங்கையும்

ஆசியாவில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த இரு முயற்சிகள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, பீகார் மாநிலத்து மதுபனி தொடருந்து நிலையம். மிதிலைப் பகுதிப் பெண்கள் திருமணம் முதலிய சடங்குகளின்போது தம் வீட்டு மண்சுவரில் வரைந்து வந்த ஓவியம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளைப் பார்வையிட்ட ஆங்கில அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் வாயிலாக வெளியுலகிற்குத் தெரியவந்தது. 1960களின் பிற்பகுதியில் அப்பகுதியைக் கடும் வறட்சி தாக்கியபோது, அகில இந்தியக் கைவினை வாரியத்தின் ஊக்கத்தால் அவ்வோவியம் சுவரிலிருந்து தாளுக்கு வந்து விலைபொருளாயிற்று. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் அது மீண்டும் சுவருக்குத் திரும்பியது. அவ்வட்டாரத்து ஓவியர் நூற்றுக்கும் மேற்பட்டோர், அவர்களுள் பெண்கள் பலர், ஊதியம் பெறாமல் நிலையத்தின் சுவர்களை நிரப்பினர். சீதையின் பிறப்பும் திருமணமும், சிற்றூர் வாழ்வும், சந்தையும் அங்குக் காட்சிகளாயின. 2018இல் இந்திய இரயில்வே நடத்திய நிலைய அழகூட்டல் போட்டியில் மதுபனிக்கும் நம் மதுரைக்கும் இரண்டாம் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மதுபனியில் ஓவியமொழி அவ்வூராருடையது. எவரும் அவர்களுக்கு வரையக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கோடு வரைவதில் தேர்ந்தவர் கோடிழுக்க, ஏனையோர் வண்ணம் நிரப்பும் வேலைப்பகிர்வு அவர்களிடம் முன்னரே இருந்தது. இதனால் பெருஞ்சுவர் குறுகிய நாளில் முடிந்தது. அதேவேளையில், பரிசும் பெயரும் நிலையத்துக்குச் சேர, ஓவியர்க்குச் சேர வேண்டியது யாது என்னும் வினாவை நாம் எழுப்பாதிருத்தல் இயலாது.

இரண்டாவது, 2019ஆம் ஆண்டு நவம்பர், திசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் பரவிய சுவரோவிய அலை. அதிபர் தேர்தலுக்குப் பின் இளையோர் தாமாகவே குழுசேர்ந்து, சாயத்தை நன்கொடையாகப் பெற்று, ஊர்தோறும் சுவர்களை வரைந்தனர். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இளையோர் பங்குபெற்றனர். உழைப்பின் அளவிலும் ஆர்வத்திலும் இதற்கு இணை காண்பது அரிது. ஆயினும், தென்பகுதிச் சுவர்கள் பலவற்றில் பழைய மன்னரும் போர்வீரரும் மிகுந்திருந்தனர் என்றும், நாட்டின் தமிழரும் முஸ்லிம்களும் அக்கதையில் எங்கே என்றும் விமர்சனங்கள் எழுந்தன. உழைப்பு அனைவருடையதாக இருப்பதாலேயே நினைவு அனைவருடையதாகிவிடாது என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது. பல இனத்தார் வாழும் மலேசியாவில் நாம் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

மலேசியச் சுவர்களும் ஒரு மிதிவண்டியும்

மலேசியாவில் தெருச்சுவரோவியம் பரவலான கவனத்தைப் பெற்றது 2012ஆம் ஆண்டில் எனலாம். ஜார்ஜ் டவுன் விழாவையொட்டி லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச், அர்மீனியன் தெருவில் உண்மையான மிதிவண்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அதன்மேல் இரு சிறுவர் அமர்ந்திருப்பதாக வரைந்தார். அவ்வோவியம் பினாங்கின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. அதன்பின் நாட்டின் நகரங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. 2013ஆம் ஆண்டு நவம்பரில் அதே ஓவியர் ஜொகூர் பாருவில் வழிப்பறியைச் சுட்டும் படமொன்றை வரைந்தபோது, நகர மன்றம் சில நாள்களில் அதன்மேல் சாயம் பூசி மறைத்தது. அழகை வரவேற்ற சுவர் விமர்சனத்தை வரவேற்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். 1881ஆம் ஆண்டுத் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடில்களை அழித்தபின், செங்கல்லால் நகரைக் கட்ட வேண்டும் என்னும் ஆணையால் செங்கற்சூளைகள் அமைந்த இடம் அது. பின்னர் அங்கு இரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தன. இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் பெருமளவில் குடியேறினர். ‘நூறு வீடுகள்’ என வழங்கிய இரயில்வே குடியிருப்பு ஒரு நூற்றாண்டுக் காலம் நின்று 2010களின் நடுப்பகுதியில் இடிக்கப்பட்டது. 1904இல் நிறுவப்பெற்ற விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் 2014ஆம் ஆண்டு மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். இதற்கிடையே, 2010ஆம் ஆண்டு அக்டோபர் 27இல் ‘லிட்டில் இந்தியா’ இரு நாட்டுப் பிரதமர்கள் முன்னிலையில் திறந்துவைக்கப்பட்டது. 2015 நவம்பரில் சாஞ்சித் தோரணத்தின் சாயலில் அமைந்த வாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. நீரூற்றும் வளைவும் தோரணமும் இந்தியா என்னும் நாட்டை நினைவூட்டுகின்றன. ஆனால், அத்தெருக்களில் வாழ்ந்த தண்டவாளத் தொழிலாளியையோ, நூறு வீடுகளின் பொதுக்குழாயடியையோ அவை நினைவூட்டுவதில்லை. மேலிருந்து வழங்கப்படும் அடையாளத்துக்கும் கீழிருந்து எழும் நினைவுக்கும் உள்ள இடைவெளி இது.

கிள்ளானில் இவ்விடைவெளி இன்னும் கூர்மையானது. 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றின் திருப்புமுனையாகும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவர் ஆர். எச். நாதன் அதற்கு முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் முதலிய கோரிக்கைகளோடு மற்றொன்றும் இருந்தது. தோட்டத்து வெள்ளைத் துரைமாரைக் கண்டதும் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது. நாதன் கைதுசெய்யப்பட்டார்; பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

பினாங்கின் மிதிவண்டியையும் கிள்ளானின் மிதிவண்டியையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின் நம் கருத்து தெளிவாகும். பினாங்கில் அது குழந்தைப் பருவத்தின் இனிமைக்குக் குறியீடு. அதில் பிழையேதும் இல்லை. கிள்ளானில் ஒரு தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்வதாக ஒரு சுவரில் வரையப்படுமானால், அது தன்மானத்தின் குறியீடாகும். வெளியூர் ஓவியர் எவ்வளவு திறமையுடையவராயினும், அவ்வூர் முதியோரிடம் கேளாமல் இப்பொருளைக் கண்டடைதல் அரிது. செலவு குறைவு என்பதன்று, இந்நினைவு அவர்களிடம் உள்ளது என்பதே மக்களைச் சுவரோவியத்தில் ஈடுபடுத்துவதற்குரிய தலையாய காரணம்.

சிறு தொகையில் ஒரு சுவர்

மேற்கண்ட வரலாற்றுப் பாடங்களைத் தமிழ்ப்பள்ளியோ, மன்றமோ, கோயிலோ நடைமுறைப்படுத்த எண்ணினால் கருதத்தக்க சிலவற்றை இங்குத் தொகுத்துரைப்பது ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

சிக்காகோச் சுவர் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உடையது. அதாவது 108 சதுர மீட்டர். புறச்சுவர்ச் சாயம் ஒரு லிட்டர் ஒரு முறை பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரப்பை மூடும். அடிப்பூச்சு, வெள்ளைத் தளப்பூச்சு, ஓவிய வண்ணம் என மூன்று பூச்சுக்கு ஏறத்தாழ 33 லிட்டர், அதாவது ஐந்து லிட்டர்த் தகரம் ஏழு போதும். சுவர் சொரசொரப்பாக இருப்பின் இன்னும் சற்று மிகும். ஆயின், ஆறு மீட்டர் உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும். சாரத்தின் வாடகை சாயத்தின் விலையை விஞ்சிவிடக் கூடும். மாணவரை அதன்மேல் ஏற்றுவதும் தகாது. அதே 108 சதுர மீட்டரை 2 மீட்டர் உயரமும் 54 மீட்டர் நீளமும் உடைய பள்ளி மதிலாகக் கொண்டால் சாரமே தேவையில்லை; பலர் ஒரே நேரத்தில் நின்று வரையவும் இயலும். திருவாரூர் ஓவியம்போல் கதையைப் பட்டைகளாக்கி, தமிழிலும் மலாயிலும் விளக்க வரி எழுதுவதற்கும் இவ்வடிவமே ஏற்றது.

புதிதாகப் பூசிய சிமெந்துச் சுவர் நான்கு வாரமேனும் காய வேண்டும். ஈரம் கசியும் சுவரில் உப்புப் பூத்துச் சாயம் உரியும். ஆதலின் கசிவை அடைத்தபின்னரே பணியைத் தொடங்குதல் நன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. ஜூன், ஜூலை மாதங்களில் ஒப்பளவில் மழை குறைவு. வெயிலில் சில சிவப்பு, மஞ்சள் வண்ணங்கள் விரைவில் மங்கும். காவி முதலிய மண்நிறங்கள் நெடுநாள் நிற்கும். சித்தன்னவாசலும் தஞ்சையும் இன்றும் நமக்குக் காணக் கிடைப்பதற்கு அம்மண்நிறங்களும் ஒரு காரணமாகும். வெள்ளைச் சாயத்தை மிகுதியாகவும் அடிப்படை நிறங்கள் சிலவற்றைச் சிறு அளவிலும் வாங்கிக் கலந்துகொள்வது, பல நிறங்களைத் தனித்தனியே வாங்குவதினும் சிக்கனமானது.

வரைபடத்தைத் தாளில் கட்டமிட்டு, சுவரிலும் அதே விகிதத்தில் பெரிய கட்டமிட்டு மாற்றினால் பயிற்சியற்றவரும் பங்கேற்க இயலும். தேர்ந்த ஓவியர் ஓரிருவர் புறக்கோட்டை வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் நிறத்தின் எண்ணைக் குறித்துவிட்டால் ஏனையோர் நிரப்பலாம். கோலமிட்டுப் பழகிய தாய்மார்க்குப் புள்ளிகளைக் கொண்டு அளவறிந்து கோடிழுப்பது கைவந்த கலை. அவர்களை வண்ணம் நிரப்புவோராக மட்டும் வைப்பது அத்திறனை வீணாக்குவதாகும். முழுநாளும் முன்னின்று உழைக்கும் ஓவியர்க்குச் சிறிதாயினும் ஊதியம் ஒதுக்குதல் முறை. கைத்தொழிலால் வாழ்பவரிடம் தன்னார்வத்தின் பெயரால் பிழைப்பைக் கேட்டல் தகாது.

இவை அனைத்தினும் முதன்மையானவை இரண்டு. ஒன்று, சுவரின் உரிமையாளரிடமும் ஊராட்சி மன்றத்திடமும் எழுத்து வடிவில் இசைவு பெறுதல். எத்தனை ஆண்டு ஓவியம் நிற்கும், மாற்றுவதாயின் யாரைக் கேட்க வேண்டும் என்பனவும் அதில் அடங்க வேண்டும். மற்றொன்று, வரைவதற்கு முன்னரே ஊர்ப் பெரியோர், பெண்கள், மாணவர், அண்டை இனத்தார் ஆகியோரை அழைத்து, எதை வரைவது என்று பேசித் தீர்மானித்தல். பேசியவற்றைப் பதிவுசெய்து வைத்தால், சுவர் அழிந்தாலும் அப்பதிவு வாய்மொழி வரலாறாக எஞ்சும். பள்ளி மாணவரே தம் தாத்தா பாட்டியரைக் கேட்டுக் குறிப்பெடுத்து வந்தால், தமிழ்ப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒன்றாகும்.

முடிவுரை

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்யும் வழக்கம் நம்மிடம் உள்ளது. அப்போது சுதையும் சாயமும் புதுப்பிக்கப்படுகின்றன. ஊர் மீண்டும் கூடுகின்றது. கொடையாளர் பெயர் பலகையில் ஏறுகின்றது. புறச்சுவர் ஓவியமும் வெயிலையும் மழையையும் தாங்கிச் சில ஆண்டுகளே நிற்கக்கூடியது. அதனையும் குறித்த கால இடைவெளியில் கூடிப் புதுப்பித்தால், ஒரு தலைமுறை வரைந்ததை அடுத்த தலைமுறை தொட்டுப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் வாய்ப்புண்டாகும். புதுப்பிக்கும்போது முன்னர் வரைந்தவரைக் கேட்டே மாற்ற வேண்டும் என்பது சிக்காகோ தந்த பாடம்; வரைந்த கைகளின் பெயரைச் சுவரின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது திருவாரூர் தந்த பாடம்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நூறு வீடுகள் மறைந்தன. 1941ஆம் ஆண்டினை நேரிற் கண்டவர் இன்று மிகச் சிலரே இருத்தல் கூடும். அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். பெரும் நினைவுச்சின்னம் எழுப்பும் பொருள்வளம் நம் பள்ளிகளிடமும் மன்றங்களிடமும் இல்லாதிருக்கலாம். ஏழு தகரச் சாயமும் ஒரு மதிலும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் எவரிடமும் உண்டு. ஆளுக்கு ஒரு வெள்ளி திரட்டி ஒரு துறைக்குத் துணைநின்ற சமூகத்துக்கு இது இயலாததன்று. முதியோர் நம்மிடையே உள்ளபோதே அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை மதிலில் எழுதத் தொடங்குதல் நம் கடமை எனக் கருதுகின்றோம்.